மூன்று பணத்தாள், ஒரு முழங்கால்: கினபாலுவா, ரிஞ்சானியா, யூஷானா?

என் மேசை இழுப்பறையில் மூன்று பணத்தாள்கள் கிடக்கின்றன. ஒன்று மலேசியாவின் நூறு ரிங்கிட், பின்பக்கத்தில் கினபாலு மலை. இன்னொன்று இந்தோனேசியா 1998இல் வெளியிட்ட பத்தாயிரம் ரூப்பியா. இப்போது செல்லாத காசு, செம்பாலுன் கிராமத்தில் ஒரு கடைக்காரர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று சும்மா கொடுத்தார், அதில் ரிஞ்சானி எரிமலையின் வாய்க்குள் கிடக்கும் செகாரா அனாக் ஏரி இருக்கிறது. மூன்றாவது தைவானின் ஆயிரம் டாலர், ஒரு ஜோடி காட்டுக்கோழியும் அவற்றுக்குப் பின்னால் யூஷான் மலையும். காசில் அச்சடிக்கும் அளவுக்கு அவரவர் மலை மேல் அவரவருக்குப் பெருமை. சிங்கப்பூரில் நம்மிடம் இருப்பதோ 163 மீட்டர் புக்கிட் தீமா.

போன மாதம் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான். "அக்கா, பிள்ளைக்கு நவம்பர் கடைசியிலேர்ந்து லீவு. ஒரு பெரிய மலை ஏறணுங்கிறா. நீ மூணும் ஏறினவதானே, எது நல்லது?"

எது நல்லது என்றால் என்ன பதில் சொல்வது? யாருக்கு நல்லது என்று கேட்டால் சொல்லலாம். தம்பிக்கு நாற்பத்தைந்து வயது, அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வேலை, பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்தாலும் தாழ்வாரச் சுவருக்கு மேல் எட்டிக் கீழே பார்க்க மாட்டான். அவன் மகள் தொடக்கக் கல்லூரி முதலாண்டு, பறவைப் பைத்தியம், சனிக்கிழமை விடிவதற்குள் தொலைநோக்கியோடு புக்கிட் தீமாவில் நிற்பவள். எனக்கு வலது முழங்கால் ஏறும்போது ஒன்றும் சொல்லாது, இறங்கும்போதுதான் பேச ஆரம்பிக்கும். இந்த மூன்று பேருக்கும் எது என்று உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கினபாலு 4,095, யூஷான் 3,952, ரிஞ்சானி 3,726 மீட்டர் என்று எண்களை வரிசைப்படுத்தினால் என்னவோ பெரிய வித்தியாசம் போலத் தெரியும். கடல்மட்டத்திலேயே வாழும் நமக்கு மூன்றும் மூச்சு வாங்கும் உயரம்தான். காலடியில் என்ன இருக்கிறது, கருங்கல்லா சாம்பலா அடுக்குப் பாறையா, அதைத்தான் பார்க்க வேண்டும். முகடு எப்படி இருக்கும், பயம் எங்கே வரும், முழங்கால் எங்கே கத்தும், எந்தப் பிராணி கண்ணில் படும், எல்லாம் அதிலிருந்தே வருகிறது.

முதலில் கினபாலு. விமானத்தில் இரண்டரை மணி நேரம், அப்புறம் கோத்தா கினபாலுவிலிருந்து சாலையில் இரண்டு மணி நேரம். மேல்பகுதி முழுக்க ஒரே கல். பூமிக்கடியில் குழம்பாக இருந்து எழுபது எண்பது லட்சம் வருஷங்களுக்கு முன் இறுகிய கருங்கல், மேலே மூடிக் கிடந்ததெல்லாம் அரித்துப் போக, தானும் மேல்நோக்கித் தள்ளப்பட்டு வெளியே வந்து நிற்கிறது. பனியுகத்தில் அதன் உச்சியில் பனிக்கட்டி ஆறுகள் இருந்திருக்கின்றன, பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில். அவை தேய்த்துவிட்டுப் போன சாய்ந்த பாறைவெளியில்தான் இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறோம். புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரப்பு, காலணி நன்றாகப் பிடிக்கும், கூடவே ஒரு தடித்த கயிறு உச்சிவரை வரும். மழை பிடித்துக்கொண்டால் அதே பாறை மேல் தண்ணீர் ஓடும், அன்றைக்கு மேலே விட மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை.

இங்கே குறுகிய முகட்டில் நடக்கிற வேலை கிடையாது. அகன்ற கல்மேடை, அதைச் சுற்றிக் கூர்கூராகச் சிகரங்கள், ஒரு ஓரத்தில் லோஸ் சிகரம். தம்பி போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் போகிற வழியில் பள்ளம் கண்ணில் படாது, இருட்டு வேறு. உச்சிக்கு வந்து விளிம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தால்தான் தெரியும், லோஸ் கல்லி என்று சுமார் 1,800 மீட்டர் ஆழத்துக்குப் பிளந்து கிடக்கிறது. 1994இல் அதற்குள் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவக் குழுவில் சிலர் வெளியே வர முடியாமல் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

கினபாலு பற்றிச் சிங்கப்பூரில் எழுதும்போது 2015 ஜூன் 5ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று காலை நிலநடுக்கத்தில் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள், அதில் பத்துப் பேர் இங்கிருந்து போன தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிக் குழுவினர்: ஏழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழிகாட்டி. கழுதைக் காதுகள் என்று அழைக்கப்பட்ட இரட்டைச் சிகரத்தில் ஒரு காது அன்றைக்கு உடைந்து விழுந்தது. நான் போனது அதற்கு மூன்று வருஷம் கழித்து. எங்கள் வழிகாட்டி டுசுன் இனத்தவர், நடுத்தர வயது, அந்தச் சிகரத்தைக் காட்டிவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டுசுன் மக்களுக்கு அது இறந்தவர்களின் ஆவிகள் போய்ச் சேரும் மலை, பயபக்தியோடுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

சரி, கால் விஷயம். பாதை தொடங்கும் திம்போஹோன் வாசலிலிருந்து பனலபான் தங்குமிடம்வரை 6 கிலோமீட்டர், அதற்குள் 1,400 மீட்டர் ஏற்றம். படி, படி, படி. தம்பியின் அடுக்குமாடி புளோக்கை அடியிலிருந்து நுனிவரை நாற்பது தடவைக்கு மேல் ஏறிய கணக்கு, அதுவும் ஒழுங்கில்லாத உயரத்தில் வேர்களும் கல்லும் பலகையுமான படிகள். மறுநாள் உச்சிக்குப் போய்விட்டு அதே நாளில் அடிவாரம்வரை இறங்க வேண்டும், கிட்டத்தட்ட 2,200 மீட்டர் இறக்கம். சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஒரு வாரம் விரைவுரயில் நிலையத்தில் படிக்கட்டைப் பார்த்தாலே எனக்குக் கண் கலங்கியது.

பிராணி, தாவரம் என்று பார்த்தால் கினபாலு பணக்கார மலை, ஆனால் செல்வத்தை அடிவாரத்திலும் இடுப்பிலும் வைத்திருக்கிறது, தலையில் இல்லை. நான்காவது கிலோமீட்டரைத் தாண்டியதும் மண் திடீரென்று மஞ்சள் செம்மண்ணாக மாறும். உலோகச்சத்து அதிகம், மற்றச் சத்து குறைவு. அதனால் மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொள்ளும், அங்கேதான் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். பாதையோரம் பார்க்கக் கிடைப்பது நெப்பெந்தஸ் வில்லோசா, குடுவை வாயில் பல் வைத்த மாதிரி இருக்கும். இரண்டு லிட்டருக்கு மேல் கொள்ளும் நெப்பெந்தஸ் ராஜா உச்சிப் பாதையில் இல்லை, அதற்கு வேறு பக்கம் போக வேண்டும். அதன் மூடியில் சுரக்கும் தேனை நக்க மர மூஞ்சூறு வந்து குடுவை மேல் குந்தும், நக்கிக்கொண்டே உள்ளே கழிக்கும், செடிக்கு அதுதான் உரம். கழிப்பறை கட்டிப் பிழைக்கிற செடி! தம்பி மகளுக்கு இதைச் சொன்னதும் கினபாலுதான் என்று குதித்தாள்.

பறவைக்காரர்கள் தேடி வருவது மூன்று: வைட்ஹெட் பெயரைத் தாங்கிய ஒரு டிரோகன், ஒரு பச்சை அகலவாயன், ஒரு சிலந்திபிடிப்பான். 1888இல் உச்சியை எட்டிய ஜான் வைட்ஹெட் என்ற பறவை சேகரிப்பாளரின் பெயர் அது. மூன்றையும் பூங்கா அலுவலகத்தைச் சுற்றியுள்ள காட்டில்தான் தேட வேண்டும், உச்சியில் அல்ல. மழை பெய்தால் இன்னொரு விருந்தாளியும் வரலாம், முப்பது சென்டிமீட்டரைத் தாண்டும் சிவப்பு அட்டை. பயப்படாதீர்கள், நம் ரத்தம் அதற்கு வேண்டாம், அங்கே இருக்கும் ராட்சத மண்புழுவைச் சேமியா உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்து ரிஞ்சானி. லொம்பொக் தீவு, 3,726 மீட்டர். மூன்றில் அழகு எது என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை ஒரு வரியில் முடிந்திருக்கும்.

இது உயிரோடு இருக்கும் எரிமலை. 1257இல் பக்கத்திலிருந்த சமாலாஸ் என்ற சிகரம் வெடித்து உள்வாங்கியதில் உண்டான மாபெரும் கிண்ணத்தில்தான் ஏரி கிடக்கிறது, அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் மிஞ்சி நிற்கும் உயர்ந்த துண்டுதான் இன்றைய உச்சி. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் தோண்டியெடுத்த பனிக்கட்டியில் பதிமூன்றாம் நூற்றாண்டுக் கந்தகம் ஏராளமாகக் கிடந்தது, எந்த எரிமலை கக்கியது என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்து, 2013இல்தான் இந்த மலையைச் சுட்டினார்கள். அதற்கு ஒரு சாட்சி உள்ளூர் ஓலைச்சுவடி. பாபாட் லொம்பொக் என்ற பழைய ஏட்டில், பாமாத்தான் என்ற ஊர் புதைந்துபோன கதை எழுதியிருக்கிறது. ஓலையில் எழுதி வைப்பதன் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏரிக்குள்ளேயே பாருஜாரி என்ற குட்டி எரிமலை முளைத்திருக்கிறது, 2015லும் 2016லும் புகைந்து வெடித்தது.

செம்பாலுனிலிருந்து கிளம்பினால் முதலில் புல்வெளி, வெயில் மண்டையைப் பிளக்கும். அப்புறம் "வருந்தும் குன்றுகள்" என்று உள்ளூர்க்காரர்கள் பெயர் வைத்த ஏற்றம். ஏன் வந்தோம் என்று ஒவ்வொரு குன்றிலும் ஒருமுறை நினைப்பதால் அந்தப் பெயர், மிகச் சரியான பெயர். மாலையில் 2,639 மீட்டரில் கிண்ணத்தின் விளிம்பு, அங்கே கூடாரம். சுமைதூக்கிகள் ரப்பர் செருப்பில் மூங்கில் காவடி தோளில் போட்டுக்கொண்டு நம்மைத் தாண்டி ஓடுவார்கள், நாம் நானூறு வெள்ளி விலைக் காலணியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்போம்.

உண்மையான ரிஞ்சானி அதற்குப் பிறகுதான். கூடாரத்திலிருந்து உச்சிக்கு 1,100 மீட்டர், கடைசிப் பகுதி முழுக்க எரிமலைச் சாம்பலும் சரளையும். இரண்டு எட்டு வைத்தால் ஒரு எட்டு பின்னால் வழுக்கும். மலையின் முதுகு இங்கே நிஜமாகவே முதுகுதான், இரண்டு பக்கமும் சரிவு, ஒரு பக்கச் சரிவின் அடியில் ஏரி. பிடித்துக்கொள்ளக் கயிறும் இல்லை, கல்லும் இல்லை. 2018 ஜூலை நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மலைமேல் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூனில் பிரேசிலிலிருந்து வந்த ஓர் இளம்பெண் பாதையிலிருந்து சறுக்கி விழுந்து, மீட்புக் குழு அவரை எட்டுவதற்கு நாட்கள் ஆகி, இறந்துபோனார். மண் இப்படித் தளர்ந்து கிடக்கும் சரிவில் இறங்கிப் போய் ஒருவரைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். நான் ஏறினேன், விடிவதைப் பார்த்தேன், ஏரியின் மேல் மலையின் முக்கோண நிழல் விழுந்ததைப் பார்த்தேன், வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் தம்பியை அந்த முதுகில் நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

ஒரு நல்ல விஷயம், இரவு தங்குவது 2,600 மீட்டரில்தான், அதனால் மற்ற இரண்டையும்விடத் தலைவலி, வாந்தி குறைவாக இருக்கலாம். கீழே ஏரிக்கு இறங்கினால் வெந்நீர் ஊற்று உண்டு. லொம்பொக்கின் சாசாக் மக்களுக்கும் பாலி இந்துக்களுக்கும் அது புனித நீர், பாலிக்காரர்கள் சடங்கு செய்து ஏரியில் தங்கம் போடுவார்கள். நம்மவர்கள் அங்கே நின்றால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும்.

பிராணிகள்? பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடையே உள்ள ஜலசந்தியில்தான் வாலஸ் கோடு போகிறது, ஆசிய விலங்குகளின் எல்லை. அதைத் தாண்டி வந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம், தாழ்ந்த காடுகளில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ. இங்கே சிங்கப்பூரில் கூண்டிலிருந்து தப்பிய அதே பறவை சாலையோர மரங்களில் கத்திக்கொண்டிருக்கும், அங்கே அபூர்வம். இந்தத் தீவுக்கே உரிய ரிஞ்சானி ஆந்தையும் உண்டு, தனி இனம் என்று 2013இல்தான் அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது எப்போதோ தெரியும், கத்துகிற சத்தத்தை வைத்து "புருங் போக்" என்று பெயரும் வைத்திருந்தார்கள். அதுவும் கீழ்க்காட்டுப் பறவை. மேலே விளிம்பில் உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது குரங்கு. நம் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் குரங்கேதான், அதைவிடச் சாமர்த்தியம். என் கூடாரத்துக்குள் புகுந்து ஊருக்கு வாங்கி வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது.

யூஷான். ஜேட் என்ற பச்சைக்கல்லின் மலை என்று பெயர், தைவானின் நடுவில், 3,952 மீட்டர். ஜப்பான் ஆட்சியில் தங்கள் ஃபூஜியைவிட (3,776) இது உயரம் என்று தெரிந்ததும் "புதிய உயர்மலை" என்ற பொருளில் நீட்டாக்கா என்று பெயரிட்டார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் தொடங்கச் சொல்லிப் போன ரகசியத் தந்தி "நீட்டாக்கா மலை ஏறு" என்பதுதான். அதே டிசம்பர் 8 அதிகாலையில் இங்கே சிங்கப்பூரிலும் குண்டு விழுந்தது. ஒரு மலை ஏறும் வாசகம் என் பாட்டியை மேசைக்கடியில் ஒளிய வைத்திருக்கிறது என்று அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த மண், இரண்டு நிலத்தட்டுகள் மோதியதில் கசங்கி மேலே வந்ததுதான் யூஷான். அதனால் பாறை அப்பளக்கட்டு மாதிரி அடுக்காக இருக்கும், அங்கங்கே உதிரும். ஆனால் பாதையைப் போட்டவர்களும் பராமரிப்பவர்களும் கைதேர்ந்தவர்கள். பாதை தொடங்கும் தாதாக்கா கணவாய் 2,610 மீட்டர், பையுன் தங்குமிடம் 3,402, இடையே 8.5 கிலோமீட்டர். கினபாலுவில் 6 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் ஏறினோமே, இங்கே 8.5 கிலோமீட்டரில் 800தான். முழங்காலுக்கு இதைவிட இனிப்பான கணக்கு இல்லை. சரிவின் இடுப்பை ஒட்டியே வளைந்து வளைந்து போகும், பள்ளம் வரும் இடங்களில் எல்லாம் மரப்பாலம். ஓரிடத்தில் ஒரு பெரிய பாறைச்சுவர் நேராக நிற்கும், அது பழைய கடல்தரை. இன்னோரிடத்தில் காட்டுத்தீயில் செத்து வெளுத்த மரங்கள் எலும்பு மாதிரி நின்றுகொண்டிருக்கும். ஊசியிலைக் காடு, ஹெம்லாக் முதலில், பிறகு ஃபிர், அதற்கும் மேலே காற்று அமுக்கித் தரையோடு படுத்துவிட்ட ஜூனிப்பர், கூடவே நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே அதன் உறவுக்காரப் புதர்கள். பச்சை ஒரு அளவில் நின்றுபோய் வெறும் பாறை தொடங்குகிற அந்தக் கோட்டை இங்கேதான் நான் கண்ணால் பார்த்தேன்.

தம்பிக்குச் சோதனை கடைசி அரை மணி நேரம். உச்சிக்குக் கீழே முகட்டில் ஒரு வெட்டு, காற்று அந்த வழியாகத்தான் தீவைக் கடக்கும் போலிருக்கிறது, ஆளைத் தள்ளும். அங்கிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மேலே போனால் நான்கு திசையிலும் நான்கு முகடுகள் பிரிந்து போவது தெரியும், வடக்குச் சிகரத்தில் வானிலை நிலையம் ஒன்று ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். பயம்தான், ஆனால் சங்கிலி இருக்கிறது, பாறை இருக்கிறது. ரிஞ்சானியின் ஒரு மணி நேரச் சாம்பலுக்கு இந்த அரை மணி நேரச் சங்கிலி மேல்.

பிராணிகள் விஷயத்தில் என் ஓட்டு யூஷானுக்கே, ஏனென்றால் இங்கே அவை நடக்கிற பாதையிலேயே இருக்கின்றன. பையுன் வாசலில் வெள்ளை மீசை வைத்த சிரிப்பான் குருவிகள் காலடியில் பொறுக்கும். மஞ்சள் கழுத்தும் கீரி போல நீண்ட உடம்பும் கொண்ட மார்ட்டென் ஒன்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. பனிமூட்டக் காலையில் பாதையோரம் அந்த ஆயிரம் டாலர் காட்டுக்கோழி, மிக்காடோ, நீலக்கறுப்பு உடம்பும் வெள்ளைப் பட்டை வாலுமாக நிதானமாகக் கடந்து போனது. உச்சிப் பாறையில் ஆல்ப்ஸ் மலைக் குருவி ஒன்று என் ரொட்டித் துணுக்குக்குக் காத்திருந்தது, கொடுக்கக் கூடாது என்பதால் கொடுக்கவில்லை. வரையாட்டின் சாயலில் ஒரு மலையாடும், நம் ஊர்க் கடமானின் தைவான் கிளையும் உண்டு. மார்பில் வெள்ளை வி போட்ட கறுப்புக் கரடியும் உண்டு, பார்ப்பது அபூர்வம், பார்க்காமலிருப்பதே நல்லது.

பெருவெள்ளத்தில் தப்பி இந்த உச்சிக்கு ஓடிவந்த கதை தைவானின் பழங்குடிகளான புனுன் மக்களிடம் இருக்கிறது. நெருப்பு அணைந்துபோக, தூரத்து மலையிலிருந்து கொள்ளியைக் கவ்விவந்த கறுப்புச் சின்னானுக்கு அலகும் காலும் சிவந்துவிட்டதாம். அந்தப் பறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலும் இதே சிவப்பு அலகோடு உறவு வைத்திருக்கிறது என்று தம்பி மகள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மற்றவை சுருக்கமாக. டிசம்பர் விடுமுறைதான் வேண்டும் என்றால் ரிஞ்சானி அடிபட்டுப் போகிறது, அது மழைக்காலம், ஜனவரி முதல் மார்ச்வரை பாதையையே வழக்கமாக மூடிவிடுவார்கள். ஜூன் விடுமுறைக்கு அதுதான் ராஜா. கினபாலு வருஷம் முழுக்கத் திறந்திருந்தாலும் ஆண்டுக் கடைசியில் மழை அதிகம். யூஷானுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் நல்ல காலம், அதற்கு மேல் போனால் பனி விழுந்து இரும்புப்பல் காலணி கேட்பார்கள். பணம் என்று பார்த்தால் கினபாலுவில் வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கட்டாயம், வெளிநாட்டவருக்குக் கை கடிக்கும். யூஷானில் தங்குமிடம் மலிவு, ஆனால் நூற்றுச் சொச்சம் படுக்கைக்குக் குலுக்கல். வெளிநாட்டவருக்கு வார இறுதி அல்லாத நாட்களில் தனி ஒதுக்கீடு உண்டு, மாதங்களுக்கு முன்பே போட வேண்டும். சைவச் சாப்பாடு தைவானில் பிரச்சினையே இல்லை, பூண்டு வெங்காயம்கூடப் போட மாட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா விதியை மூன்று நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆக, படிக்கட்டுக்கு அஞ்சாத, கால் நன்றாக இருக்கிற, முதல்முறை போகிற பெரும்பாலானவர்களுக்குக் கினபாலுவையே சொல்வேன், பக்கம், ஒழுங்கு, பாறை பிடிக்கும். இருபத்தைந்து வயதில் ராணுவச் சேவை முடித்த பையன்கள் ஜூனில் கேட்டால் ரிஞ்சானி, நல்ல வழிகாட்டியோடு. எங்கள் மூவருக்கு யூஷான். குடுவைச் செடி போச்சே என்று தம்பி மகளுக்கு வருத்தம்தான், மிக்காடோவின் படத்தைக் காட்டிச் சமாதானப்படுத்தினேன்.

விண்ணப்பம் போட்டாயிற்று, டிசம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கிடைக்காவிட்டால் மார்ச் விடுமுறையில் கினபாலு என்று பேச்சு. நேற்று இரவு தம்பி முதுகில் ஐந்து கிலோ அரிசி மூட்டையோடு புளோக் படிக்கட்டில் பயிற்சியைத் தொடங்கினான். மூன்றாவது சுற்றில் அரிசியை மின்தூக்கியில் மேலே அனுப்பிவிட்டான் என்று மகள் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள்.